ஆடி மாசத்துல யாரு குடி வருவாங்க?

1

2020 மே மாதக் கடைசியில் என் வேலை போனது. ஃபோனில்தான் சொன்னார்கள். நான் பேசி முடித்துவிட்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய தொற்று எண்ணிக்கையை வாசிக்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

வேளச்சேரியில் அந்த வீட்டுக்கு நான் குடி போனது அதே வருடம் பிப்ரவரி 1. வாடகை 14,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு அக்ரிமெண்ட். அதில் ஒரு வரி: முதல் 6 மாதத்துக்குள் காலி செய்தால் 2 மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படித்தேன், மறந்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தானே. கையெழுத்துப் போடும் நாளில் யாரும் காலி பண்ணும் நாளை நினைப்பதில்லை.

ஜூன் 1 அன்று கீழே போய்ச் சொன்னேன். வேலை போச்சு, ஊருக்குப் போறேன், இந்த மாச வாடகை கொடுத்துடறேன் என்று.

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப காலி பண்ணினா எப்படி தம்பி? ஜூலை பாதியில ஆடி பொறந்துடும். ஆடி மாசத்துல யாரு குடி வருவாங்க?" என்றார்.

"இந்த கொரோனாவுல ஆடி என்னம்மா, ஆவணி என்ன?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

அட்வான்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அடுத்த ஆள் வந்தால்தான் தர முடியும் என்றார். என் ஒரு லட்சம், எனக்கு முன்னால் இருந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தது. சென்னையில் பாதி வீடுகளின் கதை இதுதான். அட்வான்ஸ் பணம் யார் பெட்டியிலும் இருக்காது. குடித்தனக்காரர் கையிலிருந்து குடித்தனக்காரர் கைக்கு, வீட்டுக்காரர் வழியாக, அது ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆள் வராத வருடத்தில்தான் அந்த ஓட்டம் நின்றது தெரியும்.

ஜூன் 18 சாவியைக் கொடுத்தேன். மறுநாள் முதல் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு. சாமான்களை மேடவாக்கத்தில் ஒரு நண்பன் அறையில் போட்டுவிட்டு, வண்டியில் ஊருக்குக் கிளம்பினேன். ஜிஎஸ்டி ரோடு முழுக்க என்னைப் போலவே மூட்டை கட்டியவர்கள். வழியெல்லாம், தெருவுக்குத் தெரு, வாசல் கேட்டுகளில் டு-லெட் பலகைகள்.

ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்களில் ஒரே ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. என் மேல் தப்பில்லை. அந்த அம்மா மேலும் தப்பில்லை. அப்படியானால் இந்த நஷ்டம் யாருடையது? 28,000 ரூபாய்க்காக ஆரம்பித்த தேடல், என்னை 2,000 வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.

2

முதலில் என் வீட்டுக் கதை. எங்கள் குடும்பத்தில் பாதியில் வீட்டைக் காலி பண்ணியது நான் முதல் ஆள் இல்லை.

தாத்தா 1942இல் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். பாட்டி, இரண்டு வயதுப் பெரியப்பா. பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. அவசியமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று அரசே சொன்னது. அலுவலகங்கள் உள்ளூர்களுக்குப் போயின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மாறியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று பயந்து, மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

சிங்கத்தைச் சுட்ட ஊரில் கணக்குப்பிள்ளை எப்படி இருப்பார்? தாத்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்கு ரயில் ஏறினார். எழும்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகப் பெரியப்பாவை உள்ளே கொடுத்ததாகப் பாட்டி சொல்லும்.

ஜப்பான் படை வரவில்லை. அடுத்த வருடம், 1943 அக்டோபரில், ஒரே ஒரு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான். ஆனால் 1942 கோடையில் வீட்டு வீதிகள் காலியாகக் கிடந்தன. கிடைத்த விலைக்கு வீட்டை விற்றவர்களின் கதையும், அதைத் துணிந்து வாங்கிப் பணக்காரர் ஆனவர்களின் கதையும் இன்றும் பல குடும்பங்களில் ஓடுகிறது.

எங்கள் குடும்பத்தில் ஓடும் கதை வேறு. அந்தப் பூட்டிய வீட்டுக்கு தாத்தா வாடகை கொடுத்தாரா?

பாட்டி சொன்னபடி, மாதாமாதம் மணியார்டர் அனுப்பினார், நகையை வைத்து அனுப்பினார். பெரியப்பா சொல்வது, ஒரு பைசா அனுப்பவில்லை. அதனால்தான் திரும்பி வந்த பிறகும் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போவார். இரண்டு பேருமே தாத்தாவை நேசித்தவர்கள்தான். ரசீது எதுவும் இல்லை.

2020இல் ஊரில் பெரியப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்தோம். "கொடுத்தாரோ இல்லையோ, கொடுத்திருக்கணுமா?" என்று கேட்டேன். பெரியப்பா யோசித்துவிட்டு, "அவன் வீடு அங்கதானே இருந்தது? ஜப்பான்காரன் தூக்கிட்டா போனான்?" என்றார்.

பெரியப்பா சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தில் ஆங்கிலச் சட்டம் 300 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

3

இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு பக்கம், நாடாளுமன்றம் இன்னொரு பக்கம். மன்னருக்காகப் படை நடத்தியவர்களில் முக்கியமானவர் அவருடைய அக்கா மகன், ஜெர்மன் இளவரசர் ரூபர்ட். அவருடைய படை, ஜேன் என்பவர் குத்தகைக்கு வைத்திருந்த நிலத்தில் புகுந்து அவரை விரட்டிவிட்டது. 1642 ஜூலையிலிருந்து 1646 மார்ச் வரை ஜேன் அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் பாரடைன், அந்தக் காலத்துக் குத்தகைப் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட்டார்.

ஜேன் சொன்ன பதில் எவருக்கும் நியாயமாகத்தான் படும். அந்நிய நாட்டில் பிறந்தவன், மன்னருக்கு விரோதி, படையோடு வந்து என்னை விரட்டிவிட்டான். நான் எப்படிக் குத்தகை கொடுப்பேன்? (மன்னரின் சொந்த மருமகனை மன்னருக்கு விரோதி என்று சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு தீர்ந்த 1647இல் லண்டன் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது.)

ஜேன் தோற்றார். நீதிமன்றம் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். சட்டம் உன் மேல் ஒரு கடமையைச் சுமத்தினால், உன்னால் முடியாதபோது சட்டமே உன்னை மன்னிக்கும். ஆனால் ஒப்பந்தம் போட்டு நீயே ஏற்றுக்கொண்ட கடமை என்றால், என்ன நடந்தாலும் நீதான் சுமக்க வேண்டும். படை வந்தால் வாடகை கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை? இன்னொன்றும் சொன்னார்கள். நிலம் நன்றாக விளைந்து எதிர்பாராத லாபம் வந்தால் அது குத்தகைக்காரனுக்குத்தானே? அப்படியானால் எதிர்பாராத நஷ்டமும் அவனுக்கே.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடூரமாக இருந்தது. அதே சமயம் மறுக்கவும் முடியவில்லை. குத்தகை, வாடகை என்பதை ஆங்கிலச் சட்டம் ஒரு வாக்குறுதியாக மட்டும் பார்க்கவில்லை. ஒரு சொத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கைமாற்றுவதாகப் பார்த்தது. 11 மாதத்துக்கு அந்த வீடு என்னுடையது. என்னுடைய பொருளை நான் பயன்படுத்த முடியவில்லை என்றால் அதற்கு இன்னொருத்தர் என்ன செய்வார்?

இந்தப் பார்வை லேசில் சாகவில்லை. 1979இல் ஹல் நகரத்தில் ஒரு கிடங்குக்குப் போகும் ஒரே தெருவை நகராட்சி மூடியது. எதிரே இருந்த பழைய கட்டிடம் விழும் நிலையில் இருந்தது. 10 வருடக் குத்தகையில் 20 மாதம் கிடங்கைத் திறக்க முடியாது. குத்தகைக்காரர் பிரபுக்கள் சபை வரைக்கும் போனார். 1981இல் தீர்ப்பு வந்தது: குத்தகையும் சூழ்நிலையால் செத்துப்போகலாம், கொள்கை அளவில் அதற்கு இடமுண்டு, ஆனால் உங்கள் வழக்கில் இல்லை. அதற்கப்புறம் பிரெக்ஸிட் வந்தது. ஐரோப்பிய மருந்து முகமை லண்டன் கேனரி வார்ஃபில் 2039 வரைக்கும் 25 வருடக் குத்தகையில் இருந்தது. பாதியில் வெளியேற உடன்படிக்கையில் வழி எழுதி வைக்கவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகிறது, நாங்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறோம், குத்தகை முடிந்தது என்றார்கள். 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் முடியவில்லை என்றது. ஒரு நாடே வெளியேறலாம், குத்தகைக்காரர் வெளியேற முடியாது. கடைசியில் அந்த இடத்தை வேறொரு நிறுவனத்துக்கு உள்வாடகைக்கு விட்டுத்தான் தப்பித்தார்கள்.

4

ஆனால் உலகம் முழுக்க இப்படி யோசிக்கவில்லை. ரோமில் வேறு மாதிரி யோசித்தார்கள்.

பழைய ரோம் ஒரு வாடகை நகரம். ஏழைகளும் நடுத்தரக்காரர்களும் பல மாடிக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தார்கள். வாடகை வருடம் தொடங்குவது ஜூலை 1. அன்றைக்கு ஊரே சட்டி பானையோடு தெருவில் நிற்கும். தீப்பிடிப்பதும் சுவர் இடிவதும் அடிக்கடி நடந்ததால், பாதியில் காலி செய்தால் வாடகை உண்டா இல்லையா என்பது அங்கே அன்றாடக் கேள்வி.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஃபெனஸ் என்ற சட்ட அறிஞரிடம் ஒருவர் கேட்கிறார்: பயத்தால் வீட்டை விட்டுப் போனவன் வாடகை கொடுக்க வேண்டுமா? அவர் பதில்: பயப்படக் காரணம் இருந்ததென்றால், உண்மையில் ஆபத்து இல்லாமலே போயிருந்தாலும், வாடகை கொடுக்க வேண்டியதில்லை. நியாயமான காரணம் இல்லாமல் பயந்து ஓடினால் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்ததும் நான் பெரியப்பாவை எழுப்பப் போனேன். இது தாத்தாவின் வழக்கு. அப்படியே. ஜப்பான் வரவில்லை, ஆனால் அரசாங்கமே போ என்று சொன்னது, நீதிமன்றமே கோயம்புத்தூருக்கு ஓடியது. இதைவிட நியாயமான பயம் உண்டா? ரோமாபுரியில் தாத்தா நிம்மதியாக அந்தத் தெரு வழியே நடந்திருக்கலாம்.

பெரியப்பா கேட்டுவிட்டு, "சரி, அந்த வீட்டுக்காரன் கதி?" என்றார். அல்ஃபெனஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

5

தாத்தாவுக்கு ரோம் சட்டம் இல்லை. அவருக்கு இருந்தது 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம். இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அதில் ஒரு பிரிவு, 108, எனக்கு வியப்பாக இருந்தது. தீ, புயல், வெள்ளம், படையின் அல்லது கும்பலின் வன்முறை, வேறு தடுக்க முடியாத சக்தி, இவற்றில் ஏதாவது ஒன்றால் வீட்டின் முக்கியமான பகுதி அழிந்தாலோ, நிரந்தரமாக உபயோகமில்லாமல் போனாலோ, குடித்தனக்காரர் விரும்பினால் அதோடு வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். படை என்ற சொல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாரடைன் வழக்கில் ஜேனுக்குக் கிடைக்காத ஒரு சின்னக் கதவை, இந்தியாவுக்குச் சட்டம் எழுதியவர்கள் திறந்து வைத்தார்கள்.

சின்னக் கதவுதான். படை வந்து வீட்டை இடிக்க வேண்டும். படை வரும் என்ற பயம் போதாது. தாத்தாவின் வீடு இடியவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 106ஆவது பிரிவு தாத்தாவுக்கு உதவியிருக்கும். மாத வாடகைக்கு இருப்பவர், எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும். அந்தக் காலத்தில் அந்த நோட்டீஸ் வாடகை மாதத்தோடு முடிய வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது. ஏப்ரலில் ரயில் ஏறும் முன் ஒரு கடிதம் எழுதி, அதை முறையாகச் சேர்த்திருந்தால், மாதம் முடிந்ததும் கணக்கும் முடிந்திருக்கும். மணியார்டரும் வேண்டாம், தெரு சுற்றிப் போகவும் வேண்டாம். அவருக்குக் குறைந்தது ஒரு கடிதம்தான்.

அந்தக் கடிதம் ஏன் எழுதவில்லை? பெரியப்பாவிடம் கேட்டதற்கு, "வீட்டை விட்டுடறேன்னு எழுதினா, திரும்பி வந்தா வீடு ஏது?" என்றார். அதுவும் சரிதான். வீடு வேண்டும், வாடகை வேண்டாம். 2020இல் நானும் முதலில் அதைத்தான் மனதுக்குள் விரும்பினேன்.

பிரிவினையின்போது இதைவிடப் பெரிய வழக்கு வந்தது. மேற்குப் பஞ்சாபில் விவசாய நிலம். 1947இல் ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்து, குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார் ஒருவர். கலவரம் மூண்டது. நிலம் பாகிஸ்தானுக்குப் போனது, அவர் உயிர் பிழைத்து இந்தியாவுக்கு வந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறதே என்று வாதாடினார்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குத்தகை என்பது ஏற்கெனவே கைமாறி முடிந்த சொத்து, 56 அதற்குப் பொருந்தாது. பணம் திரும்பவில்லை. கொரோனா ஊரடங்கில் டெல்லி உயர் நீதிமன்றமும், 2020 மே மாதம் ஒரு கடை வழக்கில், கடையைத் தற்காலிகமாகத் திறக்க முடியவில்லை என்பதற்காக 108ஆவது பிரிவைக் காட்டி வாடகையை நிறுத்த முடியாது என்றது. 1647இல் ஜேனுக்குச் சொன்னதன் எதிரொலி 373 வருடம் கழித்தும் கேட்டது.

6

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரமான இடைவேளை உண்டு. சுமார் 60, 70 வருடம் மெட்ராஸில் பாதியில் காலி பண்ணுவது குற்றமாகவே பார்க்கப்படவில்லை. உண்மையில் வீட்டுக்காரர்கள் அதற்காகச் சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள்.

போர்க்காலத்தில் 1941இல் மெட்ராஸ் அரசு வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்த உத்தரவு போட்டது. போர் முடிந்து, போனவர்கள் திரும்பி, புதிதாக வந்தவர்களும் சேர்ந்து ஊர் பிதுங்கியது. 1946, 1949, 1960 என்று வரிசையாகச் சட்டங்கள். நியாய வாடகைக்கு மேல் கேட்க முடியாது. சட்டம் சொன்ன காரணங்கள் இல்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாது. வீடு காலியானால் சில நாட்களுக்குள் அரசு அதிகாரிக்கு வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும். அரசு ஊழியருக்குத் தேவை என்றால் அரசு எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் 40 ரூபாய் வாடகைக்கு 30 வருடம் இருந்தவர் தானாகக் காலி செய்கிறேன் என்றால், வீட்டுக்காரர் அபராதமா கேட்பார்? தேங்காய் பழத்தோடு வழியனுப்புவார். போவதற்கு வீட்டுக்காரரே பணம் கொடுத்ததும் உண்டு.

ஆகவே பாதியில் போவதற்கு என்ன விலை என்பது சட்டத்தைவிட, வீடு அதிகமா ஆள் அதிகமா என்பதைப் பொறுத்தது. வீடு கிடைக்காத காலத்தில் வீட்டுக்காரருக்கு, நீ ஏன் போக மாட்டேன் என்கிறாய் என்ற கோபம். ஆள் கிடைக்காத காலத்தில், நீ ஏன் போகிறாய் என்ற கோபம்.

11 மாத அக்ரிமெண்ட் பிறந்த கதையும் இங்கேதான் வருகிறது. 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு என்றால் செலவு, அலைச்சல். ஒரு மாதத்தைக் குறைத்தார்கள், 11 ஆனது. அட்வான்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1960 சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. சென்னைத் தெருக்கள் 10 மாதம் வாங்கின. சட்டப் புத்தகமும் டு-லெட் பலகையும் ஒரே ஊரில் இருந்தும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

2017இல் தமிழ்நாடு புதுச் சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடித்தனக்காரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்குள். இந்த வரியைக் கண்டதும் எனக்கு ஆயுதம் கிடைத்த மாதிரி இருந்தது.

7

வக்கீலாக இருக்கும் ஒரு நண்பனைக் கூப்பிட்டேன். ஒரு லட்சத்தையும் முழுசாகக் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா என்றேன். 28,000 அபராதம் அநியாயம்தானே?

அவன் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவைப் படிக்கச் சொன்னான். அபராதம் என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 1963இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது. டெல்லியில் ஒரு பங்களா விற்பனை நின்றுபோன வழக்கு. வாங்க வந்தவர் கொடுத்திருந்த 25,000 ரூபாயையும் விற்க வந்தவர் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முன்பணம் என்ற 1,000 ரூபாயைத் தவிர மீதி 24,000ஐ, நஷ்டத்தைக் காட்டாமல் அபராதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

"அப்ப நான் ஜெயிப்பேன்ல?" என்றேன்.

"அந்தப் பிரிவை முழுசாப் படி. எழுதின தொகைக்கு மேல போகக் கூடாதுன்னும் இருக்கு. அந்த அம்மாவுக்கு நிஜமா எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டியா?"

போட்டிருக்கவில்லை. அன்றைக்குத்தான் போட்டேன். அக்ரிமெண்டில் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 6 மாதம் மீதி. 6 முறை 14,000 என்றால் 84,000. வீடு காலியாகவே கிடந்தால் அதுதான் அவர் நஷ்டம். வீட்டுக்காரரும் வேறு ஆள் தேட முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கும். ஆனால் அந்த வருடம் எந்த ஆளைத் தேடுவது? நான் இத்தனை நாள் எனக்கு வைத்த பொறி என்று நினைத்த அந்த வரி, உண்மையில் எனக்குப் பாதுகாப்பு. அது இல்லாவிட்டால் வாக்குவாதம் 28,000இல் நின்றிருக்காது.

இதில் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே மாதிரி சொன்னதும் இல்லை. லாக்-இன் காலத்து மீதி வாடகை முழுவதையும் கொடு என்ற தீர்ப்பும் உண்டு, நஷ்டத்தை நிரூபித்துவிட்டு வாங்கிக்கொள் என்ற தீர்ப்பும் உண்டு. நோட்டீஸ் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக ஃபோன் செய்தேன்.

"72,000 வரணும்மா. ஒரு மாசத்துல தரணும்னு சட்டம் இருக்கு. ஆனா உங்களால எப்ப எவ்வளவு முடியும்னு சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேதியெல்லாம் சொல்லாமல், "முடிஞ்சப்ப முடிஞ்சப்ப போடறேன் தம்பி, ஏமாத்த மாட்டேன்" என்றார். ஜூலையில் 30,000 வந்தது. அக்டோபரில் 22,000. பெயிண்டிங் காசு என்று ஒரு பைசா கழிக்கவில்லை. அக்ரிமெண்டில் அதுவும் இருந்தது.

8

இதைப் படிக்கும் பலர் இப்போதோ நாளையோ ஒரு வாடகை வீட்டில் இருப்பீர்கள். வரலாறு படித்ததில் எனக்குக் கிடைத்த சில்லறைப் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். பாரடைன் வழக்கின் நீதிபதிகள் கேட்ட கேள்வி இன்றைக்கும் செல்லும்: முன்னாலேயே ஏன் எழுதவில்லை? வேலை போனாலோ வேறு ஊருக்கு மாற்றினாலோ எத்தனை நாள் நோட்டீஸில் போகலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அபராதம் எவ்வளவு என்று ஒரு தொகையாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். மாற்று ஆளை நீங்களே கொண்டுவந்து விட்டால் அபராதம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டு பேருக்குமே நல்லது. போகும்போது வாயால் சொன்னது போதும் என்று விட்டுவிடாமல் எழுத்தில் கொடுங்கள். சாவி கொடுத்த தேதியைக் குறித்து ஒரு செய்தியாவது அனுப்பி வையுங்கள். என் தாத்தாவிடம் ரசீது இருந்திருந்தால் இரண்டு தலைமுறை சண்டை மிச்சமாகியிருக்கும்.

ஆனால் முதலில் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டு பேர் மேலும் தப்பில்லாத நஷ்டம் யாருடையது? ரோம் அதை வீட்டுக்காரர் தலையில் வைத்தது. லண்டன் குடித்தனக்காரர் தலையில் வைத்தது. பாதிப் பாதி என்று சொன்ன சட்டத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஃபோனில் பேசிச் செய்தது கிட்டத்தட்ட அதுதான். அதுவும் சரிபாதி இல்லை.

2021 தை பிறந்து ஒரு வாரம் கழித்து கடைசி 20,000 வந்தது. அன்று மாலை அவரே கூப்பிட்டார். மேல் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள், பால் காய்ச்சியாச்சு என்றார். வாடகை 12,000தான், அட்வான்ஸும் குறைச்சல்தான், போகட்டும் என்றார்.

"உனக்கு வேலை கிடைச்சுதா தம்பி?"

கிடைத்திருந்தது, டிசம்பரில். சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஃபோனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மேல் வீடு காலியாகக் கிடந்த அந்த ஆறு மாதத்துக்கு மேல் அவர் எப்படிச் சமாளித்தார் என்று, ஜூன் முதல் அன்று வரை, நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.